மார்கழிக் குளிரில் வைப்பாற்று மேடு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டிய இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களில் மார்கழி, தை மாதங்களில்தான் குளிர் என்று சொல்லும்படியாக ஏதேனும் இருக்கும். பனி பெய்து நிலம் உறையும் நாடுகளில் வாழ்வோர் அதைக் கேட்டால் சிரிக்கக்கூடும் என்றாலும், வெயிலுக்குப் பெயர்போன கரிசல் பூமியில் ஒரு தொல்லியல் மேட்டை நின்று நிதானமாகப் பார்ப்பதற்கு ஏற்ற காலம் அந்த இரு மாதங்களே. மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு வருவோர் தரிசனம் முடிந்த கையோடு தென்கிழக்கே வெம்பக்கோட்டை வரை சென்றால், வைப்பாற்றின் வடகரையில், விஜயகரிசல்குளம் என்னும் சிற்றூரின் அருகே அத்தகைய மேடு ஒன்றைக் காணலாம்.

மக்கள் ஓரிடத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, இடிந்த வீட்டின் மண்மீதே புதிய வீட்டை எழுப்பியும் கழிவுகளைக் கொட்டியும் வந்ததால் காலப்போக்கில் உயர்ந்துவிட்ட நிலத்தையே தொல்லியல் மேடு என்பர். ஊரார் மேட்டுக்காடு என்று வழங்கும் இந்த மேடு ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்புடையது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இங்கு 2022 மார்ச்சில் முதற்கட்ட அகழாய்வையும், 2023 ஏப்ரலில் இரண்டாம் கட்டத்தையும், 2024 ஜூனில் மூன்றாம் கட்டத்தையும் தொடங்கியது. முதல் இரு கட்டங்களில் மட்டும் சுமார் 7,900 தொல்பொருள்கள் வெளிப்பட்டன. கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், ஆட்டக்காய்கள், நூல் நூற்கப் பயன்பட்ட தக்களிகள், செப்புக் காசுகள், சிறு தங்க அணிகள், சிறுவர் விளையாடிய வட்டச் சில்லுகள் என அவற்றின் வகை பலவாகும். விரல் நுனியளவே உள்ள நுண்கற்கருவிகளும் கிடைத்திருப்பதால், காசும் கண்ணாடியும் வருவதற்கு மிக முன்பே இக்கரையில் மனிதர் நடமாடியமை தெரிகிறது.

செய்தித்தாள்கள் தங்கத்துக்கே பெரிய எழுத்துகளை ஒதுக்கின. ஆனால் இம்மேட்டின் உண்மையான செல்வம் சங்குதான். கடலிலிருந்து இத்தனை தொலைவு உள்ளே தள்ளியுள்ள ஊரில் சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைப்பதற்கு வைப்பாறே விடை கூறுகிறது: மலையில் தோன்றி இவ்வழியே செல்லும் அந்த ஆறு, சங்கு குளித்தலுக்குப் பெயர்பெற்ற மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. வலுவான ஓடுடைய சங்கைக் குறுக்கே அறுத்து வளையங்களாக்கி, உள்ளும் புறமும் தேய்த்து வழவழப்பாக்குவதே வளையல் செய்யும் முறை. அப்போது நடுத்தண்டும் அறுபட்ட துண்டுகளும் கழிவாக எஞ்சும். அணிந்து உடைந்த வளையலுடன் இத்தகைய கழிவும் வேலை முடியாத வளையமும் ஓரிடத்தில் சேர்ந்து கிடந்தால், அது வளையலை வாங்கிய ஊர் மட்டுமன்று, செய்த ஊரும் ஆகும் என்று ஆய்வாளர் முடிவுசெய்வர். வெம்பக்கோட்டையைச் சங்கு வளையல் தொழிற்கூடம் இருந்த இடமாக அவர்கள் கருதுவதும் இவ்வாறே. குஜராத்தில் நாகேஸ்வர் என்னுமிடத்தில் சிந்துவெளி மக்கள் இதே இனச் சங்கைக் கொண்டு இதே தொழிலைச் செய்தனர் என்பதும், வங்காளத்தில் மணமான பெண்கள் இன்றும் சங்கு வளையல் அணிகின்றனர் என்பதும் இத்தொழிலின் நீண்ட ஆயுளைக் காட்டும்.

குளிர்காலத்தின் பயன் உடல் சுகத்தோடு நின்றுவிடுவதில்லை. அகழாய்வுக் குழியின் பக்கச்சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும் மண்ணடுக்குகளை அவற்றின் நிறவேறுபாட்டைக் கொண்டே பிரித்தறிய வேண்டும். மண் காய்ந்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடுவதால், அகழ்வோர் சுவரில் நீர் தெளித்துப் பார்ப்பதுண்டு. பனி ஈரம் உலராத காலையில் அந்த வேறுபாடு தானாகவே ஓரளவு துலங்கும். கோடையில் கரிசல் மண் சுருங்கி ஆழமாக வெடிப்பதும், அவ்வெடிப்பின் வழியே ஒரு சிறு மணி மேலடுக்கிலிருந்து கீழடுக்குக்கு நழுவக்கூடும் என்பதும் வேறொரு சிக்கல். ஆகவே இத்தகைய மண்ணில் தனியொரு மணி கிடைத்த ஆழத்தை மட்டும் நம்பி அதன் காலத்தைக் கணிப்பது பிழையாகும்.

அகழாய்வு முடிந்த குழிகளைப் பாதுகாப்புக் கருதி மூடிவிடுவது வழக்கமாதலால், மற்றோர் அகழாய்வுக் களமான கீழடியின் படங்களைப் பார்த்துவிட்டுச் செங்கல் சுவர்களை எதிர்பார்த்து வருவோர் ஏமாற்றம் அடையலாம். அவர்கள் விஜயகரிசல்குளத்தில் அமைக்கப்பட்ட அகழாய்வுக் கண்காட்சியை முதலில் பார்த்துவிட்டு, பிறகு மேட்டுக்குச் செல்வது நல்லது. கண்ணுக்கு வெறும் காடாகத் தோன்றும் நிலம் அப்போது வேறுவிதமாகத் தெரியும். பள்ளி மாணவரை அழைத்து வருவோர் இவ்வரிசையை மாற்றாதிருப்பது முக்கியம்.

மழைக்காலம் முடிந்தவுடன் மேற்பரப்பு மண் கரைந்து, பானையோடுகளும் வளையல் துண்டுகளும் காலடியிலேயே கிடக்கக் காணலாம். எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாத ஓட்டுத்துண்டினால் ஆய்வுக்குப் பயன் மிகக் குறைவு. ஆதலால் நினைவுப்பொருளாகக்கூட எதையும் எடுத்துச் செல்லாதிருக்க வேண்டும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் அதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது கண்டெடுத்தவரின் கடமையாகும்.