மீசையை வெட்டாதீர்கள்... பூனைக்கு அதுதான் அளவுகோல்!

‘விதைநெல் மூட்டைகளை எலியிடமிருந்து காப்பாற்றப் பூனை வளர்க்கிறோம். போன வாரம் பேரன் விளையாட்டாக அதன் மீசையை ஒட்ட வெட்டிவிட்டான். அதிலிருந்து எலி பிடிப்பதில்லை. மூலையில் சுருண்டு படுத்திருக்கிறது. மீசை மறுபடியும் வளருமா?’ என்று கேட்டிருக்கிறார் வாசகி ஒருவர்.

வளரும். இரண்டு, மூன்று மாதங்களில் பழைய நீளத்துக்கு வந்துவிடும். ஆனால், அதுவரை பூனைக்குச் சிரமம்தான். ஏனென்றால், அதன் மீசை அழகுக்கானது அல்ல.

மீசை: பூனையின் மற்ற முடிகளைவிட மீசையின் வேர் ஆழமானது, அதைச் சுற்றி நரம்புகள் நிறைந்திருக்கின்றன. மூட்டைகளுக்கு இடையே உள்ள சந்தில் உடல் நுழையுமா என்பதை மீசையால் தொட்டுத்தான் அறிகிறது. சுமார் ஓர் அடிக்குள் இருக்கும் பொருள் பூனையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. வாயருகே வந்த எலி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையும் மீசைதான் சொல்கிறது. முன்னங்கால்களின் பின்புறமும் இதுபோன்ற முடிகள் உண்டு.

கண்: விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற படலம் இருக்கிறது. உள்ளே வரும் கொஞ்ச வெளிச்சத்தையும் அது திருப்பி அனுப்புவதால், மங்கிய ஒளியிலும் பார்க்க முடிகிறது. டார்ச் அடித்தால் கண் மின்னுவதும் இதனால்தான்.

காது: எலிகள் தங்களுக்குள் எழுப்பும் மெல்லிய கீச்சொலிகள் பல நம் காதுக்கு எட்டாது. பூனைக்கு எட்டும்.

காறை எலும்பு: நமக்கு இது தோளோடு பிணைந்திருக்கும். பூனைக்கோ மிகச் சிறியது. தசைக்குள் பதிந்து கிடக்கிறது. அதனால்தான் குறுகிய சந்துகளில் நுழைய முடிகிறது.

நகம்: நடக்கும்போது உள்ளே இழுத்துக்கொள்வதால் தேயாது, சத்தமும் வராது. இதையும் வெட்ட வேண்டாம். கழுத்தில் மணி கட்டினால், எலிக்கு நாமே தகவல் சொன்ன மாதிரி.

சரி, கேள்விக்கு வருவோம். ‘மூலையில் சுருண்டு படுத்திருக்கிறது’ என்பதுதான் கவலை தருகிறது. மீசை போனால் தடுமாறலாம்; ஒரு வாரமாகச் சுருண்டு கிடக்காது. வீட்டிலோ, பக்கத்து வயலிலோ எலி மருந்து வைத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். புரோமடியோலோன் போன்ற மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள்கள் நடமாடும். அதைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் ரத்தம் உறையாமல், உடலுக்குள்ளேயே கசியத் தொடங்கும். ஈறு வெளுத்திருந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வைட்டமின் கே சிகிச்சை இருக்கிறது. நேரத்தோடு போனால் பிழைக்க வைக்கலாம். நாமாகவே பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. அது பூனைக்கு விஷம்.

பூனை இருக்கும் வீட்டில் மருந்துக்குப் பதில் எலிப்பொறி வையுங்கள். பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும் என்பதும் தவறு. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். பால்சோறு மட்டும் போதாது. கண்ணுக்கும் இதயத்துக்கும் தேவையான டாரின் சத்துக்காக மீன், இறைச்சிக் கழிவையும் வேகவைத்துக் கொடுங்கள்.

எலிக்கு வைத்த மருந்தில் பூனை போய்விட்டால், அடுத்த போகத்து விதைநெல்லுக்குக் காவல் யார்?