கேஸ்கட் மேல் போடும் பழி

“ஹெட் கேஸ்கட் போச்சு அண்ணாச்சி, ஹெட்ட இறக்கணும்.” நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஒர்க்‌ஷாப் வாசலில் இதைக் கேட்டு வயிறு கலங்கியவர்கள் நிறையப் பேர். கேஸ்கட்டின் விலை பெரிதல்ல. அதைத் தொட எஞ்சினின் மேல்பாதியைக் கழற்ற வேண்டும், செலவு அங்கேதான். ஆனால் கேஸ்கட் தானாகப் போவது அபூர்வம். பெரும்பாலும் சூடுதான் அதைக் கொன்றிருக்கும்.

பிஸ்டன் ஏறி இறங்கும் கீழ்ப்பகுதி பிளாக். வால்வுகளைத் தாங்கி மேலே உட்கார்ந்திருப்பது ஹெட். இரண்டுக்கும் நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும் தகடுதான் கேஸ்கட். எரியும் வாயு, குளிர்விக்கும் நீர், எண்ணெய் மூன்றும் அதன் ஓட்டைகளின் வழியே அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று மற்றொன்றோடு கலக்கக் கூடாது. வீட்டுக் குக்கரின் கேஸ்கட் தாங்குவது வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 1 பார் கூடுதல் அழுத்தம். பெட்ரோல் எஞ்சினுக்குள் அது 50 பாரைத் தாண்டும். இன்றைய டீசலில் 150ஐயும் தாண்டும். வண்டி 3000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1500 தடவை இந்த அடி விழுகிறது. குளச்சல், சின்னமுட்டம் விசைப்படகுகளின் டீசல் எஞ்சினுக்குள்ளும் இதே கதைதான்.

முன்பு செம்புத் தகடுகளுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் வைத்துச் செய்தார்கள். அது நுரையீரலுக்கு ஆபத்து என்று தெரிந்து கைவிட்டு கிராஃபைட்டுக்கு வந்தார்கள். இப்போது பல கார்களில் மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கிய கேஸ்கட்.

அம்பாசிடர் காலத்துப் பழக்கம் ஒன்று இன்னும் நம்மை விடவில்லை. அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் பிளாக்கும் இரும்பு, ஹெட்டும் இரும்பு. சூட்டில் இரண்டும் ஒன்றுபோல விரியும். கொதித்தால் ஓரங்கட்டி, ஆறவிட்டு, கிடைத்த தண்ணீரை ஊற்றிவிட்டுப் போவார்கள், பெரும்பாலும் தப்பித்துவிடும். 1983-ல் வந்த மாருதி 800-க்கு அலுமினிய ஹெட். ஸ்விஃப்ட், டிசையர் டீசல்களில் ஓடிய 1248 சி.சி. எஞ்சினில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். 40 செ.மீ. நீளமுள்ள அலுமினியம் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் 0.6 மி.மீ.க்குச் சற்று மேல் நீளும்; இரும்பு அதில் பாதிதான். இந்த இழுபறியைத் தாங்கத்தான் கேஸ்கட்டை வடிவமைத்திருக்கிறார்கள். அளவு மீறிச் சூடானால் ஹெட் வளைந்துவிடும். வளைந்த இடத்தில் கேஸ்கட் என்ன செய்யும், பாவம்.

அதைவிடக் கெட்ட பழக்கம் போர் தண்ணீர். கடலோர ஊர்களில் பல இடங்களில் அது உப்புக் கரிக்கும். அந்த உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைக்கும். ஹெட்டின் அலுமினியத்தை நீர்வழிகளின் ஓரத்தில் அரிக்கும். “இங்க என்ன பனியா பெய்யுது, கூலண்ட் எதுக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. நமக்கு அது தேவைப்படுவது துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும். அடர்கூலண்ட் வாங்கினால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில்தான் கலக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். 0.9 பார் மூடி ஒழுங்காக இருந்தால் உள்ளே வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் போய்விட்டால் 100-லேயே கொதிக்கும். மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்தாலும், குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறைப் பக்கம் ஏறினாலும் இந்த வித்தியாசம் தெரியும். மின்விசிறி சுற்றாத வண்டிக்கு ஆரல்வாய்மொழிக் காற்றும் உதவாது.

கேஸ்கட் போனதை எப்படி அறிவது? “தண்ணி குறையுது, ஆனா எங்கயும் ஒழுகல்ல” என்பது முதல் சந்தேகம். எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வரும். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டரில் விடாமல் குமிழி வரும். ஆயில் பால் கலந்த காப்பி நிறமாகும். ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை, டிப்ஸ்டிக் சுத்தம் என்றால் பயப்பட வேண்டாம். மழைக்காலத்தில் பக்கத்துக் கடைக்கே ஓடும் வண்டிகளில் ஈரம் படிவதுண்டு. ஹெட்டை இறக்கும் முன் எரிந்த வாயு கசிகிறதா என்று சோதனை செய்யச் சொல்லுங்கள்: ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவம் மஞ்சளானால் சந்தேகமில்லை. இது தெரிந்தும் ஓட்டினால் ஒரு காலையில் சிலிண்டரில் தேங்கிய நீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடே வளையலாம். ஒழுகலை அடைக்கும் டப்பா மருந்துகள் ரேடியேட்டரையும் சேர்த்து அடைக்கும். எனக்கு அவற்றில் நம்பிக்கையில்லை.

சூட்டைக் காட்டும் ஊசி மேலே ஏறினால் ஏ.சி.யை அணைத்து ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள், பச்சைத் தண்ணீரும் ஊற்றாதீர்கள், ஹெட் வெடித்துவிடும்.

ஹெட் இறங்கிவிட்டதா? நேர்க்கோல் வைத்து வளைவைப் பார்க்கச் சொல்லுங்கள். பல எஞ்சின்களுக்கு 0.05 மி.மீ.க்கு மேல் இருந்தால் பரப்பைச் சமன்செய்யும் பேஸிங் போட வேண்டும். இழுத்து முறுக்கும் வகை போல்ட்டுகளைத் திரும்பப் போடக் கூடாது. டார்க் ரெஞ்சால், நடுவிலிருந்து வெளியே, கம்பெனி சொன்ன வரிசையில் படிப்படியாக முறுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி ஏன் சூடானது என்று கேட்டு, தெர்மோஸ்டாட்டோ வாட்டர் பம்போ மின்விசிறியோ எது காரணமோ அதை மாற்றாமல் ஹெட்டை மூட விடாதீர்கள்.