கேம்பல் பேயில் வீடு கட்டுமுன்: பர்மிட் கேட்கும் மூன்று கேள்விகள்

இராசேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டு 'மாநக்கவாரம்' என்று குறிக்கும் நிகோபார்த் தீவுகளின் தென்கோடியில், கேம்பல் பேயில் மளிகைக் கடை வைத்திருப்பவன் நான். "ஐயா, வீட்டுக்குப் பர்மிட் போடணும், இந்தப் பாரத்தைக் கொஞ்சம் பாருங்க" என்று நம்மவர்கள் கடைக்கு வருவதுண்டு. நான் வக்கீலுமல்ல, பொறியாளனுமல்ல. வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புக்குக் கப்பலேறியவன். பட்ட அடிதான் படிப்பு.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். 1990களில் ஒரு மனையை முத்திரைத்தாள் ஒப்பந்தத்தை மட்டும் நம்பி வாங்கினேன். விற்றவர் சொல் தவறாத மனிதர். பதிவேட்டில் பெயர் மாற்றவில்லை. பர்மிட்டும் வாங்காமல் இரண்டு அறை எழுப்பினேன். 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்தது. மேட்டில் ஏறி உயிர் தப்பினோம். பிறகு சேதம் கணக்கெடுக்க வந்தவர்கள் "காகிதம் எங்கே?" என்றார்கள். விற்றவரைக் கடல் கொண்டு போயிருந்தது. சுவரும் இல்லை; ஏட்டில் என் பெயரும் இல்லை. பர்மிட் என்பது வீட்டின் பிறப்புச் சான்றிதழ் என்று அன்றுதான் உறைத்தது.

விண்ணப்பத்தில் எத்தனை கட்டம் இருந்தாலும் அது கேட்பது மூன்றே கேள்விகள்.

ஒன்று, மண் யாருடையது? நாம் ஊர்ப் பட்டா நினைப்போடு வருகிறோம். இங்கே 1966ஆம் ஆண்டின் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறைச் சட்டப்படி நிலம் அடிப்படையில் அரசுடையது. நமக்குக் கிடைப்பது அனுபவ உரிமை. 1969 முதல் முன்னாள் இராணுவத்தினரைக் கிழக்குக் கரையில் குடியேற்றிக் கொடுத்த நிலத்துக்கும் இதுவே விதி. விவசாயத்துக்குக் கொடுத்த இடத்தில் வீடோ கடையோ கட்டுவதென்றால், உபயோக மாற்றத்துக்கு வருவாய்த் துறை அனுமதி வேண்டும். 'எஃப்' படிவம் என்னும் உரிமைப் பதிவில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிளான் போடுங்கள். ஷோம்பென், நிகோபாரி மக்களின் காப்பு நிலத்தை 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அங்கே மனை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள்.

இரண்டு, கடல் எங்கே நிற்கிறது? 1991ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, இத்தீவுகளில் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்றது. 200 முதல் 500 மீட்டர் வரை இரண்டு தளம், 9 மீட்டர் உயரம் என்று எல்லை வைத்தது. பிறகு தீவுகளுக்கென்றே 2011இலும் 2019இலும் தனி அறிவிக்கைகள் வந்து அளவுகள் மாறின. ஆனால் எல்லாமே உயர் ஓதக் கோட்டிலிருந்துதான் அளக்கப்படுகின்றன. அந்தக் கோடே நகர்ந்துவிட்டால்? 2004இல் இந்திரா முனைப் பக்கம் தரை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போனது. ஆகவே அதற்கு முந்தைய வரைபடத்தைக் காட்டி "கடல் தூரத்தில்தானே இருக்கு" என்பது செல்லாது. இன்றைய கடற்கரை வரைபடத்தில் மனை எந்த வகைப் பகுதியில் விழுகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மூன்று, நிலம் நடுங்கினால் வீடு நிற்குமா? 2002, 2016 ஆண்டுகளின் ஐ.எஸ். 1893 நெறிநூல் பதிப்புகள் இத்தீவுகளை ஆபத்து மிகுந்த 5ஆம் மண்டலத்தில் வைத்தன. பிளானில் பொறியாளர் கையெழுத்து கேட்பது வெறும் சடங்கல்ல. ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். தூண் கம்பியைச் சுற்றும் ரிங்கின் முனையைக் கொத்தனார் 90 பாகை மடக்கி விட்டுவிடுவார், வேலை சுலபம். ஐ.எஸ். 13920 நெறிநூலோ 135 பாகை வளைத்துக் கான்கிரீட்டுக்குள்ளே செலுத்தச் சொல்கிறது. உலுக்கலில் மேல்பூச்சு உதிரும்போது 90 பாகை ரிங் விரிந்துவிடும். 135 பாகை ரிங் கம்பியைப் பிடித்துக் கொண்டிருக்கும். கான்கிரீட் ஊற்றுமுன் நீங்களே போய்ப் பாருங்கள்.

மனுவைக் கொடுத்தால் தேதியும் எண்ணும் போட்ட ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். "தெரிஞ்ச ஆளு, பார்த்துக்குவாரு" என்ற பேச்சு வேண்டாம். தெரிந்த ஆள் மாற்றலாகிப் போவார், எண் போகாது.

என் இரண்டாவது வீடு மேட்டில் நிற்கிறது. அதன் காகிதங்கள் கைக்கு வர ஒன்றரை வருடம் அலைந்தேன். ஒரு நகல் கடைப் பெட்டியில், ஒன்று வங்கிப் பெட்டகத்தில், இன்னொன்று கடல் எட்டாத வந்தவாசியில் மகள் வீட்டில். சொந்தமாகக் கட்டப்போகும் நம் பிள்ளைகளும் செங்கல் விலை கேட்குமுன் இந்த மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்கி வைக்கட்டும்.