அன்னாசிப் பழம் விற்று ஒரு விமான டிக்கெட்!

அன்னாசிப் பழம் விற்று விமான டிக்கெட் எடுக்க முடியுமா? எடுக்கக் கிளம்பினார்கள்! அதுவும் தங்களுக்கு இல்லை, ஒரு டாக்டருக்கு. விற்றவர்கள், ஒரு நாளைக்கு ஒரு டாலர்கூடக் கையில் பார்க்காத கிராமத்துப் பெண்கள்.

இடம், ஆப்பிரிக்காவில் காங்கோ ஜனநாயகக் குடியரசு. அதன் கிழக்குக் கோடியில், கிவு ஏரிக்கரையில் புக்காவு என்றொரு நகரம். மலையும் ஏரியுமாகப் பார்க்க அழகான ஊர்தான். ஆனால், பக்கத்து ருவாண்டாவில் 1994-ல் நடந்த இனப்படுகொலையின் நெருப்பு எல்லை தாண்டி வந்து, 1996-ல் இங்கேயும் யுத்தம் மூண்டது. பூமிக்கடியில் இருந்த தங்கமும் கோல்டானும் அதில் எண்ணெய் வார்த்தன. கோல்டானா, அதென்ன என்கிறீர்களா? டாண்டலம் என்ற உலோகம் அதிலிருந்துதான் கிடைக்கிறது. செல்போனுக்குள் இருக்கும் பொடிப் பொடிப் பாகங்களுக்கு அது வேண்டும்.

சுரங்கம் யாருக்கு, நிலம் யாருக்கு என்று ஆயுதக் கும்பல்கள் மோதிக்கொண்டன. ஊரைக் காலி செய்ய, குண்டைவிட மலிவான வழி ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. குடும்பத்தின் கண்ணெதிரிலேயே பெண்களைப் பலாத்காரம் செய்வது! அவமானத்தில் குடும்பம் சிதறும். பயத்தில் ஊர் ஓடும்.

டாக்டர் டெனிஸ் முக்வேகே, 1955-ல் புக்காவு நகரில் ஒரு பாதிரியாருக்குப் பிறந்தவர். பிரசவத்தில் பெண்கள் சாவதைப் பார்க்கச் சகிக்காமல், பிரான்சில் மகப்பேறு மருத்துவம் படித்துவிட்டு ஊர் திரும்பினார். லெமேரா என்ற இடத்தில் அவர் பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக்குள் 1996-ல் ஆயுதக் கும்பல் புகுந்தது. படுக்கையில் கிடந்த நோயாளிகளைக்கூட விடவில்லை. 1999-ல் புக்காவு நகரின் பான்ஸி பகுதியில் மறுபடி ஒரு ஆஸ்பத்திரி தொடங்கினார். பிரசவம் பார்க்கத்தான். ஆனால் முதலில் வந்த பெண் பிரசவத்துக்கு வரவில்லை. பலாத்காரம் செய்து, சுட்டும் இருந்தார்கள்.

அப்புறம் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். உள்ளுறுப்புகள் கிழிந்து, சிறுநீரும் மலமும் தன்னையறியாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும் நிலையில் பலர். நாற்றம் தாங்கவில்லை என்று வீட்டை விட்டே துரத்தப்பட்டவர்கள். டாக்டர் தைத்தார், சரிசெய்தார். 2018-க்குள் இப்படி சிகிச்சை பெற்றவர்கள் 50,000-க்கும் மேல்.

சரி, தையல் போட்டாச்சு. அப்புறம் அந்தப் பெண் எங்கே போவாள்?

இந்தக் கேள்விதான் பான்ஸியை வெறும் ஆஸ்பத்திரியாக இருக்க விடவில்லை. வீட்டில் கணவன் சேர்ப்பதில்லை. கிராமத்தில் அதே கும்பல் சுற்றிக்கொண்டிருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுத்து, 'போய்ட்டு வாம்மா' என்றால் அது அனுப்புவதா, தள்ளுவதா? ஆகவே ஒரே வளாகத்தில் நான்கு வேலைகள் ஆரம்பமாயின.

ஒன்று, உடம்பு. 72 மணி நேரத்துக்குள் வந்தால் எய்ட்ஸ் கிருமி பற்றாமல் தடுக்க மருந்து கொடுக்கலாம். நாள் கடந்து வந்தாலும் சிகிச்சை உண்டு.

இரண்டு, மனசு. வந்து இறங்கியதும் துணைக்கு ஒரு பெண் உதவியாளர். 'மாமான் ஷெரி' என்று அவர்களுக்குப் பெயர். 'அருமை அம்மா' என்று அர்த்தம். என்ன நடந்தது என்று துருவ மாட்டார். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பார். சொல்லத் தோன்றுகிறபோது சொன்னால் போதும்.

மூன்று, பிழைப்பு. டோர்காஸ் இல்லம் என்ற விடுதியில் தையல், கூடை முடைதல், எழுதப் படிக்கக் கற்றல். நம்மூர் மகளிர் சுய உதவிக் குழு மாதிரி சேர்ந்து காசு சேமித்து, கடன் எடுத்துத் தொழில் செய்கிறார்கள். கையில் நாலு காசு புழங்கினால் ஊர் பார்க்கும் பார்வையே மாறுகிறது!

நாலாவது, சட்டம். கவுமு என்ற ஊரில் சுமார் 40 சிறுமிகள் ராத்திரியில் வீட்டிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டுச் சீரழிக்கப்பட்டார்கள். பான்ஸி டாக்டர்களின் மருத்துவச் சான்றுகள் வழக்குக்குக் கை கொடுத்தன. ராணுவ நீதிமன்றம் அந்த ஊருக்கே வந்து உட்கார்ந்து விசாரித்தது. 2017 டிசம்பரில் 11 பேருக்கு ஆயுள் தண்டனை. அதில் ஒருவர் மாகாண சட்டமன்ற உறுப்பினர்!

இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் உதவி அரைகுறைதான்.

2012 செப்டம்பரில் முக்வேகே ஐ.நா. சபையில் எழுந்து, தன் அரசாங்கத்தையும் கைகட்டி நிற்கும் உலகத்தையும் ஒரு பிடி பிடித்தார். அடுத்த மாதமே அவர் வீட்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள். டாக்டர் தப்பினார். குறுக்கே பாய்ந்த காவலாளி செத்துப்போனார். குடும்பத்தோடு வெளிநாடு போகவேண்டியதாயிற்று.

ஏரிக்கு நடுவே இஜ்வி என்ற தீவு. அங்கேயுள்ள பெண்கள் ஜனாதிபதிக்கு எழுதினார்கள், ஐ.நா.வுக்கும் எழுதினார்கள். பதில் இல்லை. 'யாரும் வேண்டாம், நாமே அழைத்து வருவோம்' என்று அன்னாசியும் காய்கறியும் விற்றுக் காசு சேர்த்தார்கள். வந்தால் முறை வைத்துக் காவல் காக்கவும் தயார் என்றார்கள். எந்த டாக்டர்தான் மறுக்க முடியும்? 2013 ஜனவரியில் முக்வேகே திரும்பினார். வழியெல்லாம் ஜனம்.

யாரைப் 'பாவம், பாதிக்கப்பட்டவர்கள்' என்று உலகம் சொன்னதோ, அவர்கள் டாக்டரையே காப்பாற்றினார்கள்!

2018-ல் முக்வேகேக்கு அமைதிக்கான நோபல் பரிசு. பகிர்ந்துகொண்டவர் ஈராக்கின் யாஸிதிப் பெண் நாடியா முராத். ஐ.எஸ். கும்பலிடம் சிக்கிக் கொடுமை அனுபவித்துத் தப்பி வந்து, தன் பெயரோடு முகத்தோடு உலகத்தின் முன் பேசியவர். 'வெட்கப்பட வேண்டியது செய்தவன்தான்' என்பதை இருவருமே வேறு வேறு விதத்தில் சொன்னார்கள்.

பரிசு வந்ததால் யுத்தம் நிற்கவில்லை. 2025 பிப்ரவரியில் புக்காவு நகரமே எம்23 என்ற கிளர்ச்சிப் படையின் வசம் போயிற்று. தைத்த இடத்திலேயே மறுபடி கிழிக்கிறார்கள் என்றால், தையல்காரர் மட்டும் போதாது. கிழிக்கிற கையைப் பிடிக்கவும் ஆள் வேண்டும். டாக்டர் பல வருஷமாகச் சொல்வதும் அதைத்தான்.

காங்கோ நமக்கு ரொம்ப தூரம். ஆனால் 'மாமான் ஷெரி'யின் பாடம் எந்த ஊருக்கும் பொருந்தும். அப்படி ஒரு பெண் உங்களிடம் வந்து நின்றால், 'அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய்?' என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நம்புங்கள். சம்மதித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். 72 மணி நேரம் என்பது மூன்றே நாள்தான்!