வலைக்கு மேலே – 9: முதல் பந்துக்கு எத்தனை மதிப்பெண்?

சர்வீஸ் போடுகிற கையைப் பற்றிப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் வலைக்கு அந்தப் பக்கம் போவோம். பாய்ந்து வரும் சர்வீஸை வாங்கி, அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் கைக்குப் பக்குவமாகக் கொண்டுசேர்க்கிறாரே, அந்த ஆட்டக்காரரை எப்படி மதிப்பிடுவது? நம் ஊர்க் கைப்பந்துப் பந்தயங்களில் ஸ்மாஷ் அடித்தவர் பெயர்தான் மைக்கில் ஒலிக்கும். அணித் தேர்விலும் பல இடங்களில் இதுதான் நடக்கிறது. உயரத்தைப் பார்க்கிறார்கள், நாலு பந்து அடிக்கச் சொல்கிறார்கள், தேர்வு முடிந்துவிடுகிறது. முதல் பந்தை எடுக்கத் தெரிந்த பையன் வீட்டுக்குத் திரும்பிப் போகிறான். அது அவனுக்கு மட்டுமல்ல, அணிக்கும் இழப்பு.

அமெரிக்காவின் கதையைக் கேளுங்கள். கைப்பந்து பிறந்ததே அங்கேதான். 1895-ல் ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் உருவாக்கினார். ஆனால் 1964-ல் இந்த ஆட்டம் ஒலிம்பிக்கில் சேர்ந்த பிறகு, இருபது வருடம் அந்நாட்டு ஆண்கள் அணி ஒரு பதக்கம்கூட வாங்கவில்லை. 1972, 1976 ஒலிம்பிக்குகளுக்குத் தகுதியே பெறவில்லை. இந்த நிலையை மாற்றியவர் பயிற்சியாளர் டக் பீல்.

அந்தக் காலத்தில் சர்வீஸை எதிர்கொள்ள ஐந்து பேர் நிற்பார்கள். பீல் அந்த அமைப்பைக் கலைத்தார். யார் நன்றாக எடுக்கிறார்களோ அவர்களே எடுக்கட்டும் என்று கார்ச் கிராய், ஆல்டிஸ் பெர்சின்ஸ் இருவரிடம் பொறுப்பை விட்டார். ஒன்பதுக்கு ஒன்பது மீட்டர், மொத்தம் 81 சதுர மீட்டருக்கு இரண்டே பேர்! மற்றவர்கள் அடிக்கத் தயாராக நின்றார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில், முதல் சுற்றில் பிரேசிலிடம் 0-3 என்று தோற்ற அணி, இறுதிப் போட்டியில் அதே பிரேசிலை 3-0 என்று வென்று தங்கம் வாங்கியது. சோவியத் யூனியன் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்திருந்ததே என்று கேட்கலாம். 1988-ல் சியோல் இறுதிப் போட்டியில் சோவியத் அணியையே வீழ்த்தி மறுபடியும் தங்கம் வாங்கினார்கள். கிராயின் புகழ் இன்றும் நிலைத்திருக்கிறது. பெர்சின்ஸ் பெயரும் அதே மரியாதையோடு சொல்லப்பட வேண்டும்.

இரண்டு பேரை நம்பிக் களத்தையே ஒப்படைக்க வேண்டுமென்றால், யார் அந்த இருவர் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்திருக்க வேண்டும். அதற்குக் கண்ணை மட்டும் நம்ப முடியாது. கண் கடைசிப் பந்தைத்தான் ஞாபகம் வைத்திருக்கும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஜிம் கோல்மன், ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒவ்வொரு பாஸுக்கும் மதிப்பெண் போடும் முறைக்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர். இன்று அதற்குப் பல வடிவங்கள் உண்டு. நமக்கு மிக எளிய வடிவமே போதும்.

பந்து செட்டர் நிற்கும் இடத்துக்கே வந்து, நடுவிலும் இரு ஓரங்களிலும் அவர் விரும்பிய ஆளுக்குக் கொடுக்க முடிந்தால் 3. செட்டர் நகர வேண்டி வந்து, நடுவில் வேகப் பந்து கொடுக்கும் வழி அடைபட்டால் 2. ஓடிப்போய் ஓரத்துக்கு உயரமாகத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றால் 1. சர்வீஸ் அப்படியே புள்ளியாகிவிட்டால் 0. ஒரு பையன் இருபது பந்து எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். எட்டு 3, ஏழு 2, மூன்று 1, இரண்டு 0. கூட்டினால் 41, சராசரி 2.05. எதிரணி எந்த வழியில் அடி வரும் என்று ஊகிக்கத் திணறுவது 3 விழும்போதுதான். 1 விழுந்தால் இரண்டு மூன்று பேர் முன்கூட்டியே பிளாக்குக்குப் போய் நின்றுவிடுவார்கள். அப்போது ஸ்மாஷ் அடிப்பவர் எவ்வளவு உயரமாக இருந்து என்ன பயன்?

அடிப்பவருக்கும் கணக்கு உண்டு. வென்ற அடிகளிலிருந்து தவறுகளைக் கழித்து, மொத்த அடிகளால் வகுக்க வேண்டும். ஒருவர் 30 அடித்து 14 புள்ளி எடுத்தார், 8 தவறு செய்தார்: 0.20. இன்னொருவர் 20 அடித்து 9 புள்ளி, 2 தவறு: 0.35. கூட்டம் முதல் ஆளைத்தான் கொண்டாடும். நான் இரண்டாம் ஆளை எடுப்பேன். இப்போது யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு தவறும் எதிரணிக்கு ஒரு புள்ளி. பழைய முறையில் அப்படி இல்லை.

குதிக்கும் உயரத்தை அளக்க, விரல் நுனியில் சாக்பீஸ் தூளைத் தடவி, நின்றபடி சுவரில் எட்டும் இடத்தையும் குதித்து எட்டும் இடத்தையும் தொட்டால் போதும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குதிக்கும் உயரம். டட்லி சார்ஜென்ட் 1921-ல் வெளியிட்ட சோதனையின் எளிய வடிவம் இது. ஆனால் இந்த அளவைக் கூட்டுவதற்காகத் தினமும் நூற்றுக்கணக்கில் குதிக்க வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். நார்வேயில் உயர்மட்ட வீரர்களை ஆராய்ந்து 2005-ல் வெளியான ஆய்வில், கைப்பந்து ஆடுபவர்களில் கிட்டத்தட்ட 45 விழுக்காட்டினருக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாரில் வலி இருந்தது. எவ்வளவு உயரம் என்று குறிப்பதோடு, ஒரு நாளில் எத்தனை குதிப்பு என்றும் குறித்துவைக்க வேண்டும்.

மதிப்பெண்ணைத் தேதி போட்டு வைத்துக்கொள்வதோடு நின்றால் பலனில்லை. எங்கே குறைகிறது என்று பிரித்துப் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு நேராக வரும் பந்தெல்லாம் 3, வலது தோள் பக்கம் வருவதெல்லாம் 1 என்றால், மறுநாள் பயிற்சியில் அந்தத் தோளுக்கே சர்வீஸ் போகட்டும். அதையும் வலைக்கு அந்தப் பக்கமிருந்து, எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று ஒருவர் போட வேண்டும். பயிற்சியாளர் பக்கத்தில் நின்று கையால் வீசும் பந்தில் கை நிலை பழகும், கணிப்பு பழகாது. சர்வீஸ் போடுபவரின் தோளையும் உள்ளங்கையையும் பார்த்துப் பந்து எங்கே விழும் என்று முடிவெடுப்பதுதான் இந்த வேலையில் பாதி.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஊர் அணிகளை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்வுக்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். ஆட வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இருபது சர்வீஸாவது எடுக்க வாய்ப்புக் கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் எண் போடுங்கள். பட்டியலை அதற்குப் பிறகு எழுதுங்கள்.