வண்ணத்தை உதறும் உலோகம்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. அங்கே தூண்டிலோடு கிளம்பும் பலருக்கு அலுமினியப் படகுதான் துணை. இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்காகப் பெருகிய அலுமினியத் தொழில், போர் முடிந்ததும் படகுகளின் பக்கமும் திரும்பியது. புகழ்பெற்ற லண்ட் படகு நிறுவனம் 1948இல் தொடங்கியது இந்த மாநிலத்தில்தான். எடை குறைந்த இந்தப் படகைக் காருக்குப் பின்னால் டிரெய்லரில் வைத்து எந்த ஏரிக்கும் இழுத்துப் போகலாம். ஆனால் சரளைக் கரையில் உரசும்போதெல்லாம் வண்ணம் கீறிக்கொண்டு போகும்.

கீறிய இடம் துருப்பிடிக்குமா? இரும்பென்றால் பிடிக்கும். அலுமினியம் காற்றுப்பட்ட கணத்திலேயே ஆக்சைடு படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் அதில் சில பங்குதான் அதன் தடிமன். இரும்புத்துரு பொருக்கு பொருக்காக உதிரும். இதுவோ இறுகப் பற்றிக்கொண்டு உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும்.

சிக்கலும் அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. அதன்மேல் வண்ணம் சரியாகப் பிடிப்பதில்லை. கீறலின் ஓரம் உரியத் தொடங்கினால் அடியில் ஈரம் தங்கும். ஆக்சிஜன் குறைந்த அந்த இடுக்கில் படலத்தால் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாது. வண்ணம் கொப்பளித்து, அடியில் வெள்ளைப் பொடி பூக்கும். படகுக்கு உண்மையான கேடு இதுதான்.

ஆகவே வேலையில் பெரும்பகுதி பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே நடக்கிறது. முதலில் சோப்பு நீரால் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பான் கொண்டு துடைக்க வேண்டும். பிசுக்கோடு தேய்த்தால் அது உலோகத்துக்குள் இன்னும் அழுந்தும். பிறகு தளர்ந்த வண்ணத்தைச் சுரண்டி, ஓரங்களை உப்புத்தாளால் சரிவாகத் தேய்க்க வேண்டும். இரும்புக் கம்பித் தூரிகை கூடாது. அதிலிருந்து உதிரும் துகள்கள் பதிந்து அரிப்பைத் தூண்டும். ஆழமான பள்ளத்துக்கு எபாக்ஸி பட்டி பார்க்கலாம்.

தேய்த்த இடத்தில் படலம் மீண்டும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் தாமதிக்காமல் ப்ரைமர் பூச வேண்டும். அலுமினியத்துக்கான ப்ரைமர்களில் ஒருவகை, தன்னிலுள்ள அமிலத்தால் மேற்பரப்பை நுட்பமாக அரித்துப் பிடிமானம் உண்டாக்குகிறது. மேல்வண்ணத்தைப் பலமுறை மெல்லியதாகப் பூசுவது நல்லது. பனி இறங்கும் வேளையும் வெயிலில் சுடும் தகடும் பூச்சுக்கு ஆகாதவை.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய படகைத் தேய்க்கையில் மஞ்சள் பச்சை ப்ரைமர் தென்பட்டால் அது துத்தநாகக் குரோமேட்டாக இருக்கலாம். அதன் தூசி புற்றுநோய் விளைவிக்கும். உலர்வாகத் தேய்க்காதீர்கள், முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். பாசி பிடிக்காதிருக்கப் பூசும் செம்பு ஆக்சைடு கலந்த வண்ணமும் வேண்டாம். நீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் மின்கலம்போல் இயங்கி, அலுமினியம் கரையும்.

ஓரம் இறுகப் பிடித்திருக்கும் சிறு கீறலை நன்னீரில் ஓடும் படகில் அப்படியே விட்டுவிடலாம். உலோகம் தன்னைப் பார்த்துக்கொள்ளும். உரியும் ஓரம்தான் உடனே கவனிக்க வேண்டியது.