அவரைக் கொடி ஏன் பூக்கவில்லை?

பந்தலை மூடிக் கொடி தழைத்துவிட்டது, எட்டு மாதம் தண்ணீர் ஊற்றியும் ஒரு பூவைக்கூடக் காணோம் என்று வீட்டுத் தோட்டம் போட்டவர்கள் அங்கலாய்ப்பதுண்டு. மலட்டு விதை என்று நினைத்துக் கொடியை அறுத்து ஆட்டுக்குப் போட்டவர்களும் உண்டு. குறை பெரும்பாலும் விதையில் இல்லை. விதைத்த மாதத்தில் இருக்கிறது.

பந்தல் அவரை, பகல் பொழுது குறுகும் காலத்தில் பூக்கும் பயிர். மாசியில் விதைத்தால் சித்திரை, வைகாசியின் நீண்ட பகலில் இலையும் கொடியுமாகவே வளரும். ஐப்பசி, கார்த்திகையில்தான் பூவெடுக்கும். ஆடியில் விதைத்த கொடியும் அதே சமயம் பூத்துவிடும். கிணறு வற்றும் கோடையில் ஊற்றிய ஐந்து மாதத் தண்ணீர் வீண்தானே?

ஆகவே ஆடிப் பட்டத்தில், ஓரடி ஆழக் குழியில் மக்கிய தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, மூன்று விதை ஊன்றவேண்டும். முளைத்தபின் வாளிப்பான இரண்டு செடிகளை மட்டும் விடலாம். கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்த்துத் தருவதால் யூரியா போடத் தேவையில்லை. போட்டால் இலைதான் பெருகும். மழைக் காலத்தில் குழியில் நீர் தேங்கவிடக் கூடாது.

பனி நாளில் இளங்குருத்திலும் பூங்கொத்திலும் அசுவினி மொய்க்கும். மொய்த்த நுனிகளைக் கிள்ளி அழித்தாலே பாதி குறையும். மீதிக்கு ஒரு லிட்டர் நீரில் 30 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். பொறிவண்டு தென்பட்டால் கொல்ல வேண்டாம்; அசுவினியைத் தின்பது அதுதான்.

ஆடியைத் தவறவிட்டவர்கள் கோ 13 போன்ற குத்து அவரை ரகங்களை நடலாம். இவை பட்டம் பார்க்காமல் பூக்கும், பந்தலும் வேண்டாம். ஆனால் பந்தல் அவரைபோல மாதக்கணக்கில் காய் தராது.

மூன்று நான்கு நாளுக்கொருமுறை பிஞ்சாகப் பறித்து வந்தால் கொடி தொடர்ந்து பூக்கும். முற்றிவிட்ட காயை உரித்துப் பருப்பைக் குழம்பில் போடலாம். காய்ந்த விதையை மட்டும் பச்சையாகத் தின்னக் கூடாது. அதில் சயனைடு தரும் பொருள் உண்டு. இரவு முழுதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் நன்றாக வேகவைக்கவேண்டும்.

விதைக்கு நல்ல கொடியில் பத்துக் காய்களைப் பறிக்காமல் விட்டு, சருகானபின் உரித்துக் காயவைத்து, சாம்பல் கலந்து மூடி வைத்தால் வண்டு அண்டாது.